மூவாயிரத்தில் ஜெயித்தவன் எண்ணூறில் ஏன் தோற்றான்?

போன வருடக் குறுவட்டப் போட்டியில் என் அக்கா மகன் 3000 மீட்டரில் முதலாவதாக வந்தான். 400 மீட்டர் தடத்தில் ஏழரைச் சுற்று. (ஏழரை என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது வேறு. ஆனால் அன்றைக்கு அவனைச் சனி பிடிக்கவில்லை.) 9 நிமிடம் 45 விநாடி. இரண்டாவதாக வந்த பையன் அரைச் சுற்று பின்னால் இருந்தான். அதைப் பார்த்த அவனுடைய பி.டி. சார், அப்படியே 800 மீட்டருக்கும் பெயரைக் கொடுத்துவிட்டார். மறுநாள் அதில் பத்துப் பேரில் ஆறாவதாக வந்தான்.

காரைக்குடிக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தவன், குன்றக்குடி தாண்டியதும் வாயைத் திறந்தான். “ஏழரைச் சுத்துல எல்லாரையும் அடிச்சேன். ரெண்டே சுத்துல எப்படி மாமா தோத்தேன்?”

கேட்க வேண்டிய கேள்விதான். தூரம் ஓடுகிறவனுக்குக் கொஞ்ச தூரம் சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? எட்டு மூட்டை தூக்குகிறவனுக்கு இரண்டு மூட்டை ஒரு பாரமா? ஓட்டத்தில் கணக்கு அப்படி வருவதில்லை. ஏன் வருவதில்லை, யாருக்கு மட்டும் வருகிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். 800, 1500 மீட்டர் ஓட்டங்களை நடுத்தூரம் என்பார்கள். 5000, 10000 நெடுந்தூரம். 3000 இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வரப்பு மாதிரி. பள்ளிக்கூடப் போட்டிகளில் அதுதான் நெடுந்தூரம்.

இனி உலகத்தின் மிக வேகமான ஓட்டங்களைச் சுற்றுக் கணக்கில் பார்க்கலாம். உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020இல் 10000 மீட்டரை 26 நிமிடம் 11 விநாடியில் ஓடினார். ஒரு சுற்றுக்கு 62.8 விநாடி விழுகிறது. அதே ஆண்டு 5000 மீட்டரை 12 நிமிடம் 35.36 விநாடியில் ஓடினார், சுற்றுக்கு 60.4. தூரம் பாதியாகியும் சுற்றுக்கு இரண்டரை விநாடிதான் குறைந்திருக்கிறது. அடுத்து 1500. மொராக்கோவின் ஹிஷாம் எல் குவெரூஜ் 1998இல் ஓடியது 3 நிமிடம் 26 விநாடி, சுற்றுக்கு 55. அடுத்து 800. கென்யாவின் டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1 நிமிடம் 40.91 விநாடி, சுற்றுக்கு ஐம்பதரை.

10000த்துக்கும் 5000த்துக்கும் நடுவே இருப்பது ஒரு படி. இரண்டிலும் செப்டெகெய் பெயரே இருப்பதில் ஆச்சரியமில்லை. 5000த்திலிருந்து 1500க்கு வருவதற்கு மாடியிலிருந்து குதிக்க வேண்டும். 1500இலிருந்து 800க்கு இன்னொரு மாடி.

ஏன் இந்தப் பள்ளம்? கடன் கணக்கு வழியாகச் சொன்னால் சுலபமாகப் புரியும். செட்டிநாட்டில் இருந்துகொண்டு கடனையும் வட்டியையும் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு தசை சக்தி தயாரிக்கிறது. இது வரவு. வரவுக்குள் செலவு செய்து ஓடினால் நெடுநேரம் ஓடலாம். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரைக் கூட்டத்தைப் பாருங்கள். நாள்கணக்கில் நடக்கிறார்கள், பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும். வரவுக்கு மேல் ஒரு காசு செலவு கிடையாது. ஆனால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வரவு போதாது. அப்போது உடம்பு ஆக்சிஜன் இல்லாமலே சக்தியை எடுக்கிறது. இது கடன். ஓடி முடித்தபின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இளைக்கிறோமே, அது கடன்காரன் வாசலில் வந்து நிற்பது. இது நானாகச் சொல்லும் உவமையும் அல்ல. ஏ.வி. ஹில் என்ற இங்கிலாந்து உடலியல் அறிஞர், நோபல் பரிசு வாங்கியவர், தாமே ஓட்டக்காரரும்கூட. அவர் 1920களில் இதற்கு ‘ஆக்சிஜன் கடன்’ என்றே பெயர் வைத்தார். ஓடியபின் இளைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனாலும் ஆரம்பத்தில் புரிந்துகொள்ள இந்தச் சொல்லே போதும்.

‘லாக்டிக் ஆசிட் ஏறிடுச்சு, அதான் கால் கட்டிப்போச்சு’ என்று மைதானத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லித் திரிந்தவன்தான். அந்த ஆசிட், சரியாகச் சொன்னால் லாக்டேட், வில்லன் இல்லை. தசை அதையும் எரித்துச் சக்தியாக்கிக்கொள்கிறது. கடன் வாங்கி ஓடும்போது தசைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது, வேறு சில கழிவுகளும் சேர்கின்றன. கால் மரக்கட்டையாவது அவற்றால். சரி, அது ஒருபக்கம் இருக்கட்டும்.

10000 மீட்டரில் செலவு ஏறக்குறைய முழுவதும் வரவிலிருந்தே. 5000த்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுக்கு வரவுதான். 1500இல் ஐந்தில் நாலு பங்கு. 800இல் மூன்றில் இரண்டு பங்கு. இவை ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும்.

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். 800 என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும் வேக ஓட்டம் என்று நினைப்போம். உண்மையில் அதிலும் பாதிக்கு மேல் மூச்சில் வரும் சக்தியே. அதனால்தான் நெடுந்தூரக்காரன் 800இல் கேவலமாகத் தோற்பதில்லை. என் அக்கா மகன் பத்தாவதாக வரவில்லை, ஆறாவதாக வந்தான். அந்த மூன்றில் இரண்டு பங்கு அவனிடம் தாராளமாக இருந்தது. இல்லாதது மிச்சம் ஒரு பங்கு. போட்டியில் ஆளை முன்னே பின்னே ஆக்குவது அந்த ஒரு பங்குதான். அவனுக்கு வரவு பெரிது. ஆனால் கடன் கொடுக்க ஆள் இல்லை!

இரண்டாவது காரணம், என் கணக்கில் இதுதான் முக்கியமானது, உச்ச வேகம். அன்றைக்கு நான் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தேன். 800இல் ஜெயித்த பையன் முதல் சுற்றை 61இல் முடித்தான், இரண்டாவதை 65இல்; மொத்தம் 2 நிமிடம் 6. நம் ஆள் 64, அப்புறம் 73. மொத்தம் 2 நிமிடம் 17. இதில் என்ன தெரிகிறது என்று அன்று எனக்கும் பிடிபடவில்லை. ஒரு வாரம் கழித்து அவனைத் தனியாக ஒரே ஒரு சுற்று, உயிரைக் கொடுத்து ஓடச் சொன்னேன். 62 விநாடி. முடித்துவிட்டு மண்ணிலேயே மல்லாந்து படுத்துவிட்டான்.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. உயிரைக் கொடுத்தால் 62. ஜெயித்தவனின் முதல் சுற்றோ 61. அதாவது, அந்தப் பையன் நிதானமாகத் தொடங்கிய வேகமே இவனுடைய முழுக் கையிருப்புக்கும் மேல். முதல் சுற்றில் 64க்கு ஓடிய நம் ஆள், தன் உச்சத்தில் இரண்டே விநாடிதான் மிச்சம் வைத்திருந்தான். ஆறு சுற்றுக்கான மூச்சு நெஞ்சில் இருந்து என்ன பிரயோஜனம்? கால் அதற்குமேல் சுழலாது.

ஒரு ஆளின் உச்ச வேகத்துக்கும் அவர் மூச்சின் வரவை வைத்தே ஓடக்கூடிய வேகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மிச்ச வேகம் என்று வைத்துக்கொள்வோம். மிச்ச வேகம் அதிகம் இருப்பவருக்கு 55 விநாடிச் சுற்று என்பது ஆக்சிலேட்டரில் முக்கால் முறுக்கு. இல்லாதவருக்கு அது கடைசி முறுக்கு. ஒரே வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடினாலும் ஒருவர் பைக்குள் பணம் இருக்கிறது, மற்றவர் பை காலி.

இந்த உச்ச வேகம் பெரும்பாலும் பிறவியில் வருவது. தசையில் மெதுவாகச் சுருங்கும் நார்கள் உண்டு, வேகமாகச் சுருங்கும் நார்களும் உண்டு. மெதுவானவை எளிதில் களைக்காது, வேகமானவை வெடிக்கும், சீக்கிரம் ஓய்ந்துவிடும். யாருக்கு எது எவ்வளவு என்பதைப் பயிற்சி ஓரளவுதான் மாற்றும். சிராவயல் மஞ்சுவிரட்டில் திமிலை எட்டிப் பிடிக்கும் இளவட்டத்தைப் பழநிப் பாதயாத்திரையில் விட்டுப் பாருங்கள், மூன்றாம் நாள் முகத்தைப் பார்க்க முடியாது. எதிர்ப்பக்கமும் அப்படியே. நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத்தானே விடுகிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு. மாட்டுக்காரருக்குத் தெரிந்த அந்தப் பிரிவினையைப் பள்ளிக்கூடத்தில் பையன்களிடம் பார்ப்பது குறைவு. ஒல்லிக்குச்சியாக இருக்கிறானா, 3000த்தில் போடு. தொடை பெருத்திருக்கிறதா, 100இல் போடு. தேர்வு முடிந்தது.

அப்படியானால் நெடுந்தூரக்காரர் நடுத்தூரத்தில் ஜெயிக்கவே முடியாதா? முடியும், ஜெயித்திருக்கிறார்கள். யார் யார் என்று பார்த்தால்தான் சூட்சுமம் புரியும்.

பிரிட்டனின் மோ ஃபாரா 2012, 2016 இரண்டு ஒலிம்பிக்கிலும் 5000, 10000 இரண்டையும் வென்றவர். 2013 ஜூலையில் மொனாக்கோவில் திடீரென்று 1500இல் இறங்கினார். 3 நிமிடம் 28.81 விநாடி. 1985இல் ஸ்டீவ் கிராம் வைத்த பிரிட்டிஷ் சாதனை போயிற்று. கிராம் லேசுப்பட்டவர் இல்லை. 1500இல் மூன்றரை நிமிடத்தை முதன்முதலில் உடைத்த நடுத்தூரப் புலி. அவரை ஒரு பத்தாயிரக்காரர் தாண்டிவிட்டார்.

இப்போது ஃபாராவையும் செப்டெகெய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 10000இல் ஃபாராவின் சிறந்த நேரம் 26 நிமிடம் 46 விநாடி சொச்சம். செப்டெகெய்யைவிட 35 விநாடி மெதுவு. கிட்டத்தட்ட அரைச் சுற்றுக்கு மேல் பின்தங்கியிருப்பார். ஆனால் 1500இல் செப்டெகெய்யின் சிறந்த நேரம் 3 நிமிடம் 37 விநாடி சொச்சம்; ஃபாரா அவரைவிட சுமார் 9 விநாடி வேகம். செப்டெகெய் 1500ஐ அதிகம் ஓடியவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 9 விநாடி என்பது சின்ன வித்தியாசம் இல்லை. ‘நெடுந்தூர ஓட்டத்தில் யார் பெரியவரோ அவர் நடுத்தூரத்திலும் பெரியவர்’ என்ற நினைப்பு இந்த ஒரு ஒப்பீட்டிலேயே உடைந்துபோகிறது. ஃபாராவை 1500இல் தூக்கிவிட்டது அவருடைய பத்தாயிரம் இல்லை. 24 சுற்று ஓடி முடித்து 25ஆம் சுற்றை 53 விநாடி அளவில் ஓடக்கூடிய கால்கள். லண்டன் 10000 இறுதியில் உலகமே அதைப் பார்த்தது. அந்த வேகம் முதலிலிருந்தே அவரிடம் இருந்தது, பத்தாயிரத்துக்குள் ஒளிந்து கிடந்தது.

சரி, அதே ஃபாரா 800இல்? அவருடைய சிறந்த நேரம் 1 நிமிடம் 48 விநாடி சொச்சம். நம் கேரளத்து ஜின்சன் ஜான்சன் 2018இல் ஓடியது 1 நிமிடம் 45.65. 2021 டோக்கியோவில் 1500 தங்கம், 2024 பாரிஸில் 5000 தங்கம் வாங்கிய நார்வேயின் யாக்கோப் இங்கப்ரிக்ட்சனுக்கும் 800இல் 1 நிமிடம் 46 விநாடி சொச்சம்தான். இரண்டு ஒலிம்பிக் சாம்பியன்களும் 800இல் ஜின்சனுக்குப் பின்னால்! அதனால்தான் சொல்கிறேன், 1500 வரை இறங்கிவிடலாம். 800 வேறு ஊர்.

பெண்களில் நெதர்லாந்தின் சிஃபான் ஹசன். 2019 தோஹா உலகப் போட்டியில் 10000 தங்கம். ஒரு வாரத்தில் 1500 தங்கம், 3 நிமிடம் 51.95 விநாடியில். இரண்டு தூரத்தையும் சேர்த்து வெல்வது என்பது, ஒரே ஆள் சமையலும் செய்து பந்தியும் பரிமாறுவது போல. நெடுந்தூரக்காரர் நடுத்தூரத்துக்கு இறங்கியதற்கு இவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் கதை தலைகீழ். ஹசன் 2015 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியதே 1500இல்தான். நடுத்தூரத்தில் தொடங்கி, மேலே ஏறி, ஏறும்போது கீழே இருந்த வேகத்தைத் தொலைக்காமல் வைத்திருந்தவர். 2024இல் மாரத்தான் தங்கம் வரைக்கும் ஏறிவிட்டார்.

இதில் ஒரு வினோதம் உண்டு. மலையில் ஏறுவது கஷ்டம், இறங்குவது சுலபம். ஓட்டத்தில் தூரம் கூட்டி ஏறுவது சுலபம், தூரம் குறைத்து இறங்குவது கஷ்டம். வேகம் இருப்பவருக்கு மூச்சை வளர்க்க வருடங்கள் இருக்கின்றன. மூச்சு இருப்பவருக்கு வேகத்தை எங்கே போய் வாங்குவது? வயது ஏற ஏற முதலில் கழன்றுபோவதும் வேகமே. ஏறுவது சுலபம் என்பது 2004 ஏதென்ஸில் அப்பட்டமாகத் தெரிந்தது. 1500இன் மன்னன் எல் குவெரூஜ் அங்கே 1500ஐ வென்ற கையோடு 5000த்திலும் இறங்கினார். எதிரில் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே. அப்போது 5000, 10000 இரண்டிலும் உலகச் சாதனை அவர் கையில். ஓட்டம் மெதுவாகப் போயிற்று. கடைசி நேர்கோட்டில் எல் குவெரூஜ் தாண்டிவிட்டார். வித்தியாசம் 0.2 விநாடி. 1500, 5000 இரண்டையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் அதற்கு முன் பாவோ நூர்மி மட்டுமே, 1924இல். அவர் இரண்டையும் ஒரே நாளில் முடித்தார், அது வேறு காலம்.

மெதுவாகப் போயிற்று என்றேனே, அதை விட்டுவிடக் கூடாது. பெரிய போட்டிகளில் பெரும்பாலும் யாரும் முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்க மாட்டார்கள். 2016 ரியோவில் 1500 தங்கம் வாங்கிய அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸின் நேரம் 3 நிமிடம் 50 விநாடி. ஒலிம்பிக் இறுதிக்கு இது ஆமை வேகம். ஆனால் கடைசிச் சுற்று 50 விநாடி சொச்சம். மெதுவாகப் போகும் ஓட்டம் நெடுந்தூரக்காரனுக்குச் சாதகம் என்று தோன்றும். அவனுக்கு எமனே அதுதான். அவனுக்குச் சாதகம் முதல் சுற்றிலிருந்தே மற்றவர்களை இளைக்க விடும் ஓட்டம். ஃபாரா சாதனை வைத்த மொனாக்கோ அப்படிப்பட்ட ஓட்டம்.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். பகதூர் பிரசாத். 1992இல் 5000 மீட்டரை 13 நிமிடம் 29.70 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை வைத்தார். 1995இல் 1500ஐ 3 நிமிடம் 38இல் ஓடி அதிலும் சாதனை. 1500 சாதனையை 2018இல் ஜின்சன் ஜான்சன் உடைத்தார். 5000 சாதனையை 2022இல் அவினாஷ் சாப்ளே உடைத்தார். ஒரே ஆளின் இரண்டு சாதனைகள் இருபது, முப்பது வருடம் அசையாமல் இருந்தன. அவற்றை உடைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நமக்கு இன்னும் பக்கத்தில், புதுக்கோட்டை ஜி. லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். அது ஒரு படி வித்தியாசமுள்ள ஜோடி. பகதூர் பிரசாத் பிடித்தது மாடி வித்தியாசமுள்ள ஜோடி.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ நீங்களோ எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. நன்றாக ஓய்வெடுத்த ஒரு நாளில், உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, தனியாக 400 மீட்டர் முழு வேகத்தில் ஓடி நேரம் எடுங்கள். நீங்கள் ஆசைப்படும் 800 நேரத்தைப் பாதியாக்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு விநாடியாவது இருந்தால் அந்த ஆசைக்குக் கால் இருக்கிறது. 2 நிமிடம் 6 என்பது சுற்றுக்கு 63. அதற்கு 57, 58 வேண்டும். 62 வைத்துக்கொண்டு ஆசைப்படலாம், ஓட முடியாது.

வேகத்தைக் கொஞ்சம் கூட்டவும் வழி உண்டு. மந்திரமில்லை. வாரம் இரண்டு நாள், உடம்பு களைக்காதபோது, 30, 60 மீட்டர் முழு வேகம். நடுவில் தாராளமாக ஓய்வு. நெடுந்தூரக்காரர்கள் கெடுப்பதே அந்த ஓய்வில். இரண்டு நிமிடம் சும்மா நிற்கச் சொன்னால் குற்ற உணர்ச்சி வந்து மெதுவோட்டம் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். மேடேறி ஓடுவதும் நல்லது. செட்டிநாட்டில் மேட்டுக்கு எங்கே போவது? கண்மாய்க் கரை இருக்கிறது. அடியிலிருந்து மேல்வரை எட்டுப் பத்து விநாடி ஏற்றம், நடந்து இறங்கி மறுபடி. மேட்டில் கால் நீளமாக வீச முடியாது என்பதால் பின்தொடை பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் குறைவு. செம்மண் காய்ந்து சரளை உருளும் மாதங்களில் மட்டும் பார்த்து வைக்க வேண்டும்.

என் அக்கா மகன் மூன்று மாதம் இதைச் செய்தான். 400 மீட்டர் 62இலிருந்து 60க்கு வந்தது. இரண்டு விநாடிக்கு அவ்வளவு பாடு. மாவட்டப் போட்டிக்கு 800ஐ விட்டுவிட்டு 3000, 1500 இரண்டுக்கும் பெயர் கொடுத்தோம். 1500இல் 4 நிமிடம் 31, நான்காவது இடம். மூன்றாவது சுற்றுவரை முன்னால் இருந்தான். கடைசிச் சுற்று மணி அடித்ததும் மூன்று பேர் தாண்டினார்கள். குறுவட்டத்தில் 800 ஜெயித்த அந்தப் பையனும் அந்த ஓட்டத்தில் இருந்தான், ஐந்தாவதாக வந்தான். நம் ஆளுக்கு நான்காவது இடத்தைவிட அதுதான் பெரிய சந்தோஷம்.

இந்தத் தடவை பேருந்தில் முகத்தைத் திருப்பவில்லை. “மாமா, முதல் ரெண்டு சுத்தும் இன்னும் வேகமா போயிருந்தா அவங்களை இளைக்க வச்சிருக்கலாமோ?” என்று கேட்டான். வச்சிருக்கலாம் என்றேன். வீட்டில் ஆயா (பாட்டி) மட்டும் வேறு யோசனையில் இருந்தார். தைப்பூசத்துக்குப் பழநிக்குத் துணையாக நடக்க ஆள் கிடைத்துவிட்டதாம்.